ஒன்றரை வயரும் மாமாவின் ‘ம்ம்’மும்

பம்ப் இரண்டு தரம் முக்கியது, ஒரு குவளை தண்ணீரைத் துப்பியது, பிறகு அடங்கிவிட்டது.

"பியூஸ் போயிட்டு" என்றான் அம்ஜத், கிணற்றடியில் வாளியோடு நின்ற மனைவி நிஸ்மியாவிடம்.

அப்போது பார்த்து அவளுடைய வாப்பா, பாஹிம் மாமா வந்தார். மின்சார சபைக் கந்தோரில் முப்பது வருஷம் இருந்த மனிதர். முன் விறாந்தைச் சோலார் பற்றரியிலிருந்து கிணறுவரை நீண்டு கிடந்த ஒன்றரை மில்லிமீற்றர் வயரை விரலால் உருட்டிப் பார்த்தார். "ம்ம்" என்றார். போய்விட்டார்.

அம்ஜத்துக்கு உயிரே போனது. ஓட்டமாவடியிலிருந்து காத்தான்குடிக்கு மாப்பிள்ளையாக வந்து மூன்று மாதம். பெண் வீட்டில் குடியேறுவது ஊர் வழக்கம். "சோலாரா? நானே பூட்டுறன், ஆள் எதுக்கு?" என்று வாயைக் கொடுத்தது அவனுடைய சொந்த வழக்கம். இனிப் பம்ப் ஓடாவிட்டால் மருமகன் மரியாதை கிணற்றுக்குள்தான்.

"வாப்பாட்டக் கேளுங்களன்" என்றாள் நிஸ்மியா.

"மாமாட்டயா? மானம் போயிரும்!"

பெரிய பியூஸாகப் போட்டான். பியூஸ் தாங்கியது, வயர் சூடேறி நாறியது. மாமா வந்து மோந்து பார்த்தார். "ம்ம்."

மருமகனை முகத்துக்கு நேரே பிழை சொல்வது அங்கே மரியாதையில்லை. அதனால்தான் முனகலோடு நிறுத்துகிறார், வயர் மெல்லிசு என்கிறார் என்று அம்ஜத் புரிந்துகொண்டான். மறுநாள் கடைக்குப் பறந்து, பெருவிரல் தடிப்பில் ஒரு கேபிள் வாங்கி வந்தான். அது பம்பின் துளைக்குள் நுழைய மறுத்தது. நுழையும்வரை அதன் கம்பிகளை ஒவ்வொன்றாக நறுக்கினான். நறுக்கிய இடம் கொதித்து, பம்பில் வயர் பூட்டும் வாயே உருகிப்போனது.

இந்தத் தரம் மாமா ‘ம்ம்’கூடச் சொல்லவில்லை. பெருமூச்சு விட்டார்.

அதுதான் சுட்டது. மூன்றாம் நாள் அம்ஜத் கொப்பியும் பேனையுமாகக் குந்தினான். பன்னிரண்டு வோல்ட்டுக்குத் தூரம்தான் எதிரி; நீள வயரில் கரண்ட் பாதி வழியிலேயே தளர்ந்துவிடும். அதுவும் போகிற தூரம், வருகிற தூரம் இரண்டையும் கூட்ட வேண்டும். அடேய் மடையா, வயரைப் பெருப்பிக்க முதல் வழியைக் குறுக்கு! சோலார் பனலையும் பற்றரியையும் கிணற்றடிக் கொட்டிலுக்கே மாற்றினான். மிச்சத் தூரத்துக்குக் கணக்குப் பார்த்து ஆறு மில்லிமீற்றர் வயர், அதற்கேற்ற பியூஸ், பம்புக்குப் புது வாய்.

சுவிட்சைப் போட்டான். தண்ணீர் குழாயை உதறிக்கொண்டு பாய்ந்தது. தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழிந்தது. நிஸ்மியா கைகொட்டிச் சிரித்தாள். மாமா ஓடிவந்து மருமகனைக் கட்டிப்பிடித்தார். அவர் கண் கலங்கியிருந்தது. மட்டக்களப்பு வாவியையே இறைத்துத் தள்ளலாம் போலிருந்தது அம்ஜத்துக்கு.

"எல்லாம் மாமாவாலதான் மாமி! ஒவ்வொரு பிழையையும் பாத்த உடனே பிடிச்சிட்டார். முப்பது வருஷ அனுபவமெண்டாச் சும்மாவா?" என்றான் அம்ஜத்.

வாளியை நிரப்பிக்கொண்டிருந்த மாமி சபூரா நிமிர்ந்தார்.

"என்ன அனுபவம் மகன்? இவர் அங்க கன்டீன்ல சோறாக்கினவர். நீங்க வயரப் பத்தி ஏதும் கேட்டுப்போடுவீங்களோ எண்டு மூணு நாளா மனுசனுக்கு நித்திரையே இல்ல!"