ஒன்பதாம் கேள்விப் பெரும்போர்

சாக்பீஸ் தூளை வெற்றிச் சாந்தெனத் தோளில் தரித்தவளும், மதிய வகுப்பின் மாபெரும் கொட்டாவிகளுக்கு அஞ்சாதவளும், பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் அரசியல் கற்பிக்கும் இளம் விரிவுரையாளருமாகிய எம் தலைவி வாழ்க! மூடி தொலைந்ததன்றி வேறு குறையறியாத அவள் சிவப்புப் பேனா நீடு வாழ்க!

அவளை எதிர்த்து நின்றவரோ துறைத்தலைவர். ஒப்பந்தம் கையெழுத்தான ஆண்டு, மாநாடு கூடிய நகர், சட்டப்பிரிவின் எண் எனும் முப்படையையும் நாநுனியில் நிறுத்திய மனப்பாட மாமன்னர். மனிதர் நல்லவர்தான், ஆண்டு தெரியாதவன் ஆற்றைக் காக்க மாட்டான் என்று மனதார நம்பினார். வினாத்தாளின் ஒன்பதாம் கேள்வி என்னும் கையகல நிலத்துக்காக இருவரும் ஒரு பருவம் முழுதும் பொருதனர். 'ஆற்றங்கரையில் ஆலை வேண்டுமா என்பதை யார் முடிவு செய்ய வேண்டும்? சொந்தமாக யோசித்து எழுதுக' என்பது அவள் நாட்டிய கொடி. தேநீர் ஆறி ஆடை கட்டிய பின் மாமன்னர் திருவாய் மலர்ந்தார்:

"சரிம்மா, ஒரு தடவ கேட்டுப் பாருங்க. ஒருத்தராவது சொந்தமா எழுதியிருந்தா உங்க கேள்வி இருக்கட்டும். இல்லன்னா அந்த இடத்துல ஆண்டு கேப்பேன்."

தேர்வும் முடிந்தது, விடைத்தாள் கட்டும் அவிழ்ந்தது. அந்தோ! முதல் தாளில், ஆலை அமையும் ஊராரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்று அவள் வகுப்பில் சொன்ன விடை, அச்சுப் பிசகாமல். இரண்டாம் தாளிலும் அதுவே. மூன்றாம் தாளிலோ, இடையே அவள் அதட்டிய 'பின் பெஞ்சு, அங்க என்ன பேச்சு?' என்பதும் அடிக்கோடிட்டு வீற்றிருந்தது. சொந்தமாக யோசிப்பதையே நெட்டுருப் போட்டு வந்திருந்தது அப்பெரும்படை! எம் தலைவிக்கு அழுகை வந்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. எதிர் மேசையில் மாமன்னர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எஞ்சியது கடைசித் தாள், கோழி கிளறிய கையெழுத்தில். 'மேடம் சொன்னது தவறு' எனத் தொடங்கி, அந்த ஆலைக் கழிவைக் குடிக்கப்போகும் ஆற்றோட்டத்தின் கீழ்ப்பக்க ஊர்களுக்கு வாக்கு உண்டா என்ற ஒற்றைக் கணையால் அவள் கொள்கைக் கோட்டையைத் தரைமட்டமாக்கியிருந்தது அது. முழங்குக முரசே! பிழைத்தது ஒன்பதாம் கேள்வி!

"ஜெயிச்சிட்டீங்கம்மா" என்றார் மாமன்னர்.

வெற்றித்திருமகளோ மலர்ந்த முகம் மெல்லச் சுருங்க, அவ்விடையை மறுபடி படித்தாள், பிழை தேடினாள், தலைகீழாக நின்று தேடியும் கிடைக்காமல் பெருமூச்செறிந்து, படைக்கலத்தைக் கையிலெடுத்தாள்.

கையெழுத்து சரியில்லை என்று ஒரு மார்க் குறைத்தாள்.