செவிலிமேட்டில் சாமி வளர்ந்த கதை

2009 ஆடி மாசம். இறங்க வேண்டாதவனும் செவிலிமேட்டில் டவுன் பஸ்ஸை விட்டு இறங்கினான். அங்கே ஒரு வாடகை வீட்டில் கல்லுச் சாமி தானாக வளருதாம்! தெருவுக்கு ஒரு கோயில் இருக்கிற ஊரில் சாமிக்கு என்ன பஞ்சமோ!

வளர்த்தவர் ஆனந்தச் சித்தர். திரைக்கு நடுவே கண்ணாடிப் பெட்டி, அதன் மேல்பாதியும் திரைக்குள். உள்ளே சாண் உயரச் சிலை ஒன்று, பாதம், முழங்கால், இடுப்பு என்று யார் கையும் படாமல் எழும்பும். அரை நாள் ஆகும். அதுவரை பஜனை. பெட்டிக்குள் 'கிர்ர்' என்று கேட்டால், ஓங்காரமாம். என் தறியும்தான் நாளெல்லாம் சத்தம் போடுது. ஒருத்தனும் கும்பிட்டதில்லை.

"சிலைக்குத் தலை முடிஞ்சா நோய் முடிஞ்சுது. மாத்திரை தின்னா சாமி கோவிச்சுக்கும்." இது சித்தர் வாக்கு. சிலைக்குக் காணிக்கை, புதுப் பட்டுப்புடவை ஒன்று. துறவிக்கு எதுக்குய்யா புடவை?

என் எதிர் வீட்டு நெசவுக்காரி ரேணுகாம்பாள், தறியிலிருந்து அறுத்த புடவையைக் கொடுத்துச் சிலை வாங்கி வந்தாள். மகள் தேவிப்ரியாவுக்கு வலிப்பு. ரெண்டு வருஷமாக மாத்திரையில் அடங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்திய நாலாம் நாள், பிள்ளை தறிக்குழி ஓரம் விழுந்து கை கால் வெட்டி இழுத்தது.

இழுப்பு நின்றதும் ரேணுகாம்பாளைக் கேட்டேன். "மாத்திரை எங்கேம்மா?"

"வேணாம் மாமா. என் நம்பிக்கை கொறைஞ்சதாலதான் வந்துதாம். இன்னொரு சிலை வாங்கச் சொல்லிக்கினு இருக்காரு."

"உன் புடவைய வாங்குறவன் மொதல்ல என்னா பண்றான்?"

"நூலை உருவி எரிச்சிப் பாப்பான். பட்டுன்னா முடி கருகுற வாடை வரும். போலின்னா உருகி உருண்டையாயிடும்."

"நம்பாம எரிக்கிறானே, பட்டு கோவிச்சுக்கிச்சா?"

தூங்கிய மகளைப் புருஷனிடம் விட்டாள். சிலையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நானும் பின்னால் ஓடினேன்.

சித்தர் வீட்டுக் கூட்டத்துக்கு நடுவே, எரிகிற கற்பூரத்தில் சாமியின் காதைக் காட்டினாள்.

"தெய்வக் குத்தம்!" சித்தர் குதித்தார்.

காது உருகிச் சொட்டியது. பிளாஸ்டிக் குடம் எரிந்த நாற்றம்.

"கல்லு உருகுமா சாமி?" சித்தரைக் கேட்டாள்.

நான் திரையை இழுத்தேன். பெட்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நூல் கண்டு! உள்ளே ஒரு ஊசிமூக்கு அதைச் சூட்டில் இளக்கி, முறுக்கு பிழிகிற மாதிரி வரிமேல் வரியாகப் பிழிந்துகொண்டிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் வசந்த் கூட்டத்தில் நின்றிருந்தான். சிரித்தான். "இது த்ரீ டி பிரிண்டர்பா! காருக்குச் சாம்பிள் பாகம் இதுலதான் செய்யறோம். பீங்கான்ல செய்யற மெஷினும் இருக்குது. கம்ப்யூட்டர்ல படத்தைப் போட்டா பன்னியக்கூட வளர்க்கும்!"

சித்தர் பின்வாசலில் ஓடினார், புடவை மூட்டையை மறக்காமல்.

ரேணுகாம்பாளும் ஓடினாள், மாத்திரை டப்பாவைத் தேடி.

மெஷினைச் செய்தவன் மூளையைப் போட்டுச் செய்தான். கும்பிட வந்தவர்கள் செருப்போடு அதையும் வாசலில் கழற்றிவிட்டுப் போனார்கள். வெளியே வந்து செருப்பை மட்டும் தேடுகிறார்கள். இன்னொன்றும் அங்கேதான் கிடக்குது, எடுத்து மாட்டிக்கினு போங்கப்பா!