முதுகு காட்டாத வக்கீல்

ஜெனிட்டா, நீ இருந்திருந்தால் இந்த முதல் வரிக்கே ஆட்சேபணை சொல்லியிருப்பாய். பேர் சொல்லிக் கூப்பிடுகிறாயே, அக்கா என்று சொன்னால் வாய் வலிக்குமா என்று கேட்டிருப்பாய். சரி, ஜெனிட்டா அக்கா. போதுமா?

என் அக்கா சட்டக் கல்லூரியில் படித்தாள். நான் எட்டாவதோடு நின்றவன். (படிப்பு ஏறலைன்னு ஊர்ல சொல்லுவாங்க. ஏறிச்சு. ஏறினதும் இறங்கிடுச்சு.) போன மழைக்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல் அவளைக் கொண்டுபோய்விட்டது. அதைப் பற்றி எனக்கு எழுதத் தெரியாது. அவள் போட்டுக்கொண்டு போன கோட்டைப் பற்றி எழுதத் தெரியும். அந்தக் கதையில் மானம் போனது எனக்கு, அதனால் என்னைவிட நன்றாக அதை யாரும் சொல்ல முடியாது.

எங்கள் வீடு எர்ணாவூரில். பக்கத்து ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டு இருக்கிறது. அதற்குள் போகக் காத்திருக்கும் ட்ரெய்லர் லாரிகள் காலையிலிருந்து வரிசையில் நிற்கும். டிரைவர் இறங்கி டீக்கடைக்குப் போனால் பின்னால் இருப்பவன் முந்திவிடுவான், அதனால் யாரும் இறங்க மாட்டார்கள். அவர்கள் இறங்காததுதான் எங்கள் குடும்பத் தொழில். அம்மா போண்டா, பஜ்ஜி போட்டுத் தருவாள், நான் டின்னில் வைத்து சைக்கிளில் கொண்டுபோய் விற்பேன்.

இந்த வியாபாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரிசை நத்தை மாதிரி நகரும். சைக்கிளையும் தள்ளிக்கொண்டு, தட்டையும் ஏந்திக்கொண்டு ஒவ்வொரு கேபினாகப் போக முடியாது. அதனால் காலியாக இருக்கும் ட்ரெய்லரின் வால் பக்கம் சைக்கிளைத் தூக்கிப் படுக்க வைத்துவிடுவோம். வரிசை நகர்ந்தால் சைக்கிளும் கூடவே நகரும். நாங்கள் கையை வீசிக்கொண்டு நடப்போம். இதைக் கண்டுபிடித்தவனுக்குச் சிலை வைக்கலாம் என்று நான் சொல்லித் திரிந்த காலம் அது.

அக்காவுக்கு உலகத்தில் எல்லாவற்றைப் பற்றியும் ஒரு கருத்து இருக்கும். பஜ்ஜி சாட்சி மாதிரி என்பாள், சூட்டோடு சூடாக விசாரித்துவிட வேண்டும், ஆறிப்போனால் வேறு மாதிரிப் பேசும். சைக்கிளில் முன்னால் இருப்பவனுக்குக் குழி மட்டும்தான் தெரியும், பின்னால் குந்திக்கொண்டு வருபவளுக்குத்தான் ரோடு தெரியும் என்பாள். (மிதிக்கிறது நானு. கருத்து அவளுது.) பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

"ஸ்கூல்ல பேசுனா வெளிய நிக்க வெக்கிறாங்க, காலேஜ்ல பேசுனா மார்க் போட்றாங்க. இத்த முன்னாடியே சொல்லியிருந்தா நீயும் படிச்சிருப்படா."

ஒரு மார்கழியில் அவள் கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டி வந்தது. நிஜக் கோர்ட் மாதிரியே இரண்டு பக்கமும் நின்று வாதாட வேண்டும். அதுவரை அவளைப் பேச விட்டதே இல்லை, மற்றவர்களுக்குக் கோப்பு தூக்கிக் கொடுக்கத்தான் விட்டார்கள். அந்த முறை யாரோ விலகிக்கொண்டதால் இவளுக்கு இடம் கிடைத்தது. இதை விட்டால் மறுபடியும் கோப்புதான். கருப்பு கோட்டு இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு சீனியரிடம் பழைய கோட்டு வாங்கி வந்தாள். அம்மா அதைத் தேய்த்து, கவரில் போட்டு, சைக்கிள் ஹேண்டில்பாரில் தானே மாட்டிவிட்டாள்.

போட்டியன்று காலையில் அவளை ரயில்வே ஸ்டேஷனில் நேராக இறக்கிவிட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. வழியில் வரிசை நின்றது. ஒரு டிரைவர் போண்டா கேட்டார். நான் வழக்கம்போல் சைக்கிளை முன்னால் நின்ற காலி ட்ரெய்லரில் ஏற்றினேன், டின்னோடு, கோட்டோடு. தட்டை நீட்டும்போது வாய் சும்மா இருக்கவில்லை.

"இவுங்க எங்க அக்கா. வக்கீலு. இன்னிக்கு கோர்ட்ல பேசப்போறாங்க."

(மாதிரின்ற வார்த்தையை நான் சொல்லலை. விட்டுட்டேன்.)

"அப்ப ஒரு தபா பேசிக் காட்டும்மா, கேப்போம்" என்றார் டிரைவர்.

அக்காவுக்கு இதைவிட என்ன வேண்டும்? லாரி கேபின் நீதிபதி மேடையைவிட உயரம். அவர் மேலே உட்கார்ந்து போண்டாவை மென்றுகொண்டு முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். இவள் ரோட்டில் நின்று, அண்ணாந்து பார்த்து, கனம் நீதிபதி அவர்களே என்று ஆரம்பித்தாள். பின்னால் நின்ற லாரிகளிலிருந்து தலைகள் வெளியே வந்தன. நான் பக்கத்தில் தட்டோடு கோர்ட் டவாலி மாதிரி நின்றேன். எனக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமையில் முன்னால் எஞ்சின் உறுமியது காதில் விழவில்லை. கேட் திறந்து, என்றைக்கும் இல்லாத திருநாளாக வரிசை ஓடியது. நான் திரும்பிப் பார்த்தபோது என் சைக்கிள் ட்ரெய்லரில் படுத்தபடியே யார்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோட்டுக் கவர் காற்றில் ஆடி டாட்டா காட்டியது.

கேட்டுக்கு ஓடினோம். செக்யூரிட்டி அண்ணன் வெளி ஆளை உள்ளே விட மாட்டேன் என்றார். அவரும் கேட்டை விட்டு நகர முடியாதாம். பேப்பர் இல்லாமல் உள்ளேயிருந்து துரும்புகூட வெளியே வராதாம். அக்கா துப்பட்டாவைச் சரி செய்துகொண்டு முன்னால் வந்தாள். நான் நிம்மதியானேன். சட்டம் வந்துவிட்டது.

"சைக்கிள் உள்ள வந்ததுக்கு உங்க கிட்ட பதிவு எதுனா கீதாண்ணா?"

"இல்லம்மா."

"அப்ப ரூல்ஸ்படி சைக்கிள் உள்ள வரவே இல்ல. வராத பொருள எப்டி புட்ச்சி வெச்சிப்பீங்க?"

அவர் பதிவு நோட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"கரெக்டு தாம்மா. உள்ள சைக்கிளே இல்ல. இல்லாத சைக்கிள நான் எங்கேர்ந்து குட்றது?"

அக்கா மணியைப் பார்த்தாள். தன் வாதத்தாலேயே தோற்ற முதல் வழக்கு. அப்போதுதான் அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். வீட்டில் எவ்வளவு சண்டை போட்டாலும் அழாதவள். "ட்ரெயின் போயிடும்டா" என்றாள், அவ்வளவுதான். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செக்யூரிட்டி அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, கூண்டுக்குள் போய் ஆணியில் தொங்கிய பனிக்கோட்டை எடுத்து வந்தார். கருநீலம். தூரத்திலிருந்து பார்த்தால் கருப்பு.

"சைக்கிள் தான் வராது. கோட்டு வேணும்னா இத்த போட்டுகினு போம்மா. சாயங்காலம் குட்த்துடு, நைட்டு ட்யூட்டிக்காரன் கேப்பான்."

அக்கா போட்டுப் பார்த்தாள். முட்டி வரைக்கும் வந்தது. கையை மடித்தால் சரியாகிவிடும். திரும்பினாள். முதுகு முழுக்க வெள்ளையாக, பெரிய எழுத்தில், செக்யூரிட்டி என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது.  அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"முதுக காட்னாதான? கோட்டுக்கு இன்னா கேரண்டின்னு கேக்கறீங்களாண்ணா? இதோ, என் தம்பிய ஜாமீனா வெச்சிட்டு போறேன்."

போயே விட்டாள். நான் கேட் ஓரமாக ஒரு பழைய டயரில் குந்தினேன். உள்ளே போன லாரிகளெல்லாம் வெளியே வரும்போது டிரைவர்கள் தலையை நீட்டி விசாரித்தார்கள், நைனா, உன் கேசு எப்போ வாய்தா என்று. மதியத்துக்குப் பிறகு சைக்கிள் வந்தது, அதே ட்ரெய்லரின் கேபினுக்குப் பின்னால் கட்டப்பட்டு, தன் கேட் பாஸில் அதையும் எழுதி வாங்கிய டிரைவர் புண்ணியத்தில். கோட்டு கசங்காமல் இருந்தது. டின் காலி. உள்ளே இருந்தவர்கள் கேட்பாரற்ற பொருள் என்று நினைத்துத் தின்றுவிட்டார்களாம். சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். செக்யூரிட்டி அண்ணன் விரலை ஆட்டினார். சைக்கிள் போகலாம், ஜாமீன் போகக்கூடாது.

இருட்டும் நேரத்தில் அக்கா வந்தாள், குதித்துக்கொண்டு. வாதாடும்போது முதுகைச் சுவருக்குக் கொடுத்தே நின்றாளாம். எதிர்த் தரப்பு பேசியபோதும் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நகர்ந்தாளாம். முடிந்ததும் சிக்கல், வாசல் எதிர்ப் பக்கம் இருந்தது. கும்பிடு போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்து வாசலைத் தாண்டிவிட்டாள். வழக்கில் தோற்றாள். ஆனால் நீதிபதியாக உட்கார்ந்திருந்த பெரியவர், நீதிமன்றத்துக்கு முதுகு காட்டாத பண்பு இந்தக் காலத்துப் பிள்ளைகளில் ஒருத்திக்குத்தான் இருக்கிறது என்று மேடையில் சொல்லிவிட்டாராம். அடுத்த போட்டிக்கு முதல் பெயராக இவளைச் சேர்த்துவிட்டார்கள். இதை அந்த அண்ணனுக்கு நடந்து காட்டும்போது பின்னாலேயே போய் என் சைக்கிள் மேல் விழுந்தாள். ஹேண்டில்பார் இன்றைக்கும் கோணல்தான். நான் நிமிர்த்தவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் வாசல்வரை பின்னாலேயே நடந்து போக வேண்டும். அம்மா மீன் வாங்கப் போனால்கூட. எனக்கு இப்போதும் பெயர் ஜாமீன்தான். யார்டு வாசலில் அந்தோணி என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அக்காவை அடக்கம் செய்த அன்றைக்கு எல்லோரும் மண் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். எனக்குத் திரும்ப மனசு வரவில்லை. பின்னாலேயே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் சர்ச் உபதேசியார் மேல் மோதி, அவர் குடை பறந்து பக்கத்துக் கல்லறையில் போய் விழுந்தது. எல்லோரும் திகைத்துப் பார்த்தார்கள். அம்மாவுக்கு மட்டும் புரிந்தது. அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அப்புறம் அவளும் என் பக்கத்தில் வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னாலேயே நடந்தாள்.

இதைப் படிக்கிற நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, ஜெனிட்டா என்ற பேரைச் சொல்லி ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள். அங்கே அவளைப் பேச விட வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு முடித்ததும் சட்டென்று முதுகைக் காட்டிவிடாதீர்கள்.