1768-க்குத் திரும்பிய தோட்டம்

ஓடிப்போன காலத்தைப் பிடித்துவந்து தோட்டத்தில் கட்டிப்போட்ட பெருமை, உலகிலேயே இங்கிலாந்தின் வில்ட்ஷயரிலுள்ள தார்ல்வுட் மாளிகைப் புனரமைப்புக் குழுவுக்கு மட்டுமே உண்டு. எல்லாம் 1768-இல் இருந்தபடியே இருக்க வேண்டும் என்பது குழுவின் தீர்மானம். அதற்குப் பிறகு முளைத்த மரங்கள் ‘வரலாற்றுப் பிழை’ என்று வெட்டப்பட்டன. அன்று இடிந்து கிடந்த மண்டபத்தை இடைக்காலத்தில் எவரோ விவரம் தெரியாமல் சரிசெய்து வைத்திருந்தார். இரண்டு கொத்தனார்கள் மூன்று மாதம் பாடுபட்டு அதைப் பழையபடி இடித்துக் கொடுத்தார்கள்.

திறப்பு விழாவுக்கு டோரீன் டாப்செல்லும் போயிருந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மாளிகைக்குச் சொந்தமான வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தாள். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் கூச்சல். ஒருநாளாவது பேசாத செடிகொடிகளோடு இருக்கலாமே என்று வந்தாள்.

வழிகாட்டி கிறிஸ்பின் லவெல் கூட்டத்தை மேட்டின் மேல் நிறுத்தித் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“இங்கிருந்து பாருங்க. ஏரி, புல்வெளி, அப்புறம் வானம். நடுவுல ஒரு கிராமம் இருந்துச்சு. 1768-ல மாளிகைப் பிரபு தேநீர் குடிக்கறப்போ கண்ணுல பட்டுச்சாம். பதினொரு வீட்டையும் இடிச்சு எடுத்துட்டார்.”

“என்ன ரசனை,” என்றார் தொப்பி போட்ட ஒருவர்.

ஏரிக்கு அப்பால், வானத்துக்குச் சற்று முன்பாக, சிவப்பு ஓட்டுக்கூரை ஒன்று தெரிந்தது.

“அந்தக் கூரை?” என்று கேட்டாள் டோரீன்.

“அது 1921-ல வந்த இடைச்செருகல். இடிக்க அது ஒண்ணுதான் பாக்கி. திங்கட்கிழமை கடிதம் போகுது.”

“யாருக்கு?”

“‘தற்காலிகக் குடியிருப்பாளருக்கு’.”

“பத்தொன்பது வருஷமா அதுல இருக்கேங்க. அது என் வீடு.”

கூட்டம் அவளை மரியாதையோடு பார்த்தது. ஒருவர் படம் எடுத்தார். கிறிஸ்பினின் முகம் மலர்ந்தது.

“நேர்லயே வந்துட்டீங்களே, நல்லதாப் போச்சு. இந்தத் தோட்டத்தோட கடைசி அத்தியாயமே நீங்கதான்.” கோப்பிலிருந்து உறையை எடுத்துப் பணிவோடு நீட்டினார்.

டோரீன் பிரித்துப் படித்தாள். வீட்டைக் காலி செய்ய இரண்டு மாத அவகாசம். ‘பாரம்பரியத்தைக் காக்கும் தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி’. நிமிர்ந்து அந்தக் கூரையைப் பார்த்தாள்.

“அன்னிக்கு அந்தப் பதினொரு வீட்டு ஜனங்க எங்க போனாங்க?”

கிறிஸ்பின் கோப்பைப் புரட்டினார். “நட்ட ஒவ்வொரு செடிக்கும் பதிவு இருக்கும்மா. அவங்களைப் பத்தி மட்டும் ஒரு வரிகூட இல்ல.”

டோரீன் கடிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

“அப்போ நான் எங்க போனேன்னும் எழுதி வெச்சுடாதீங்க,” என்றாள். “அப்புறம் 1768 மாதிரி இருக்காது.”