சர்வர் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் வீட்டில் உள்ளோரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே தங்கள் தங்கை சௌக்கியம், வீட்டின் கீழ்த்தளத்தில் அவளுடைய பல் கிளினிக் சௌக்கியம், கிளினிக்குக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருப்பவர்கூட சௌக்கியம். என்னைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது உத்தமம். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும் என்பது தங்களுக்குத் தெரியும். மெசேஜ் அனுப்பலாமென்றால், என் போனுக்கு வருவதையெல்லாம் முதலில் படிப்பது தங்கள் தங்கைதான். கடிதம் ஒன்றைத்தான் இந்த வீட்டில் யாரும் சந்தேகப்படுவதில்லை.

போன முறை வந்திருந்தபோது தாங்கள் கிளினிக் விவரமெல்லாம் இருக்கும் அந்தப் பழைய சர்வரைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது நல்ல உழைக்கிற மெஷின், ஒரு விர்ச்சுவலைசேஷன் சாப்ட்வேர் போட்டுவிட்டால் இந்த ஒன்றே நாலு மெஷினாக வேலை செய்யும் என்று சொன்னீர்கள். நோயாளிகள் விவரத்துக்கு ஒன்று, எக்ஸ்ரே படங்களுக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, மிச்சம் ஒன்று சும்மா இருக்கும் என்றீர்கள். ரிடையர் ஆனதிலிருந்து இந்த வீட்டில் சும்மா இருக்க நான் ஒருவன் போதும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பெருமையாகத் தலையாட்டித் தொலைத்தேன். கிளினிக் கம்ப்யூட்டரெல்லாம் என் பொறுப்பு என்று அவளிடம் கேட்டு வாங்கியவனும் நான்தானே.

பெயிண்ட் வேலைக்காக இந்த வாரம் கிளினிக் லீவு. திங்கட்கிழமை திறக்கிறதுக்குள்ள முடிச்சுடலாம்னு ஆரம்பிச்சேன். சாப்ட்வேரைப் போட்டதும், உங்க மெஷின்ல விர்ச்சுவலைசேஷன் வசதி அணைஞ்சிருக்குன்னு ஒரு வரி வந்துச்சு, அவ்வளவுதான், நின்னுடுச்சு. நீங்க எழுதிக் கொடுத்தபடி மெஷின் முழிக்கிற நேரம் பார்த்துப் பட்டனை அழுத்தி, செட்டிங்ஸ் உள்ளே போய், அந்த வசதியைத் தேடிப் பிடிச்சு ஆன் பண்ணேன். அப்புறம் கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சு மாட்டணும், அப்பதான் அது அமலுக்கு வரும்னு எழுதியிருந்தீங்க. பிடுங்கினேன், மாட்டினேன். திரும்பவும் அதே வரி. உள்ளே போய்ப் பார்த்தா வசதி அணைஞ்சு கிடக்கு. தேதியைப் பார்த்தா எனக்குத் தலை நிறைய முடி இருந்த வருஷத்தைக் காட்டுது. ஆன் பண்றது, பிடுங்குறது, மாட்டுறது, மறுபடியும் அணைஞ்சு கிடக்குறது, இதே கூத்துதான் காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும். பிடுங்கலேன்னா அமலுக்கு வராது, பிடுங்கினா மறந்துபோகுது, நான் என்னதான் பண்றது சொல்லுங்க. கடைசியில, கரண்ட் இல்லாதப்ப எல்லாத்தையும் ஞாபகம் வச்சுக்கிற வட்ட பேட்டரி செத்துப்போச்சுன்னு புரிஞ்சுது. கடைக்குப் போனா எதுக்குன்னு கேள்வி வரும். பாத்ரூம்ல எடை பார்க்கிற மெஷின்ல அதே சைஸ்ல ஒண்ணு இருந்துச்சு. எடுத்துப் போட்டேன், மெஷினுக்கு ஞாபகம் வந்துடுச்சு.

ஆனா மூடியைத் திறந்து வச்சிருந்ததுல உள்ளே இருக்கிற ஃபேனெல்லாம் ஒரே அலறல். அது என்னங்க சத்தம்னு உங்க தங்கச்சி மாடியிலேர்ந்து கேட்டா. வாக்யூம் கிளீனர் போட்டிருக்கேன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்படியே ஹாலையும் மாடி ரூம்களையும் பார்த்துடுங்கன்னா. முழு வீட்டையும் சுத்தம் பண்ணிட்டுத்தான் சர்வர்கிட்டயே திரும்ப முடிஞ்சுது.

இனிமேதான் மச்சான் விஷயமே. அதுல ரெண்டு டிஸ்க் இருக்கு. ஒண்ணு நீங்க வாங்கி அனுப்பின காலி டிஸ்க். இன்னொண்ணுல இந்தக் கிளினிக் ஆரம்பிச்ச நாளிலேர்ந்து வந்துபோன அத்தனை பேரோட பல்லும் இருக்கு. எதுல போடட்டும்னு சாப்ட்வேர் கேட்குது. ரெண்டும் ஒரே அளவு, பேரும் கிடையாது, சைபர், ஒண்ணுன்னு வெறும் நம்பர்தான். எது எதுன்னு குனிஞ்சு பார்க்கறப்ப என் முழங்கை கீபோர்டுல பட்டுடுச்சு. உடனே திரையில ஒரு கேள்வி: இந்த டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா? எந்த டிஸ்க்குன்னு அது சொல்லல. பளிச்சுனு இருக்கிறது 'ஆமாம்'. 'வேண்டாம்'னு பக்கத்துல இருக்கு, ஆனா அதுக்குப் போக அம்புக்குறியை அழுத்தணும். இந்தக் கீபோர்டு ஒரு தடவை தட்டினா சில நேரம் ரெண்டு தடவையா எடுத்துக்கும், திரும்ப 'ஆமாம்'லயே வந்து நிக்கும், அதைக் கவனிக்காம நான் என்டரைத் தட்டிட்டா? ஒயரைப் பிடுங்கலாம்னா நடுவுல பிடுங்கி டிஸ்க்குக்கு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது? முதல்ல ஒரு காப்பி எடுத்து வைங்கன்னு நீங்க சொன்னீங்க, இல்லேங்கல. எடுக்கல.

அந்தக் கேள்வி நேத்து சாயங்காலத்திலேர்ந்து அப்படியே நிக்குது. உள்ளே குளவி கூடு கட்டியிருக்குன்னு சொல்லிக் கதவைச் சாத்தி வச்சிருக்கேன். ஃப்யூஸ் போயிடுமோன்னு வீட்ல யாரையும் அயர்ன் பாக்ஸ் போட விடல, ஹீட்டர் போட விடல. பெயிண்டர் ஏணியை நகர்த்தினாலே எனக்கு உயிர் போய் உயிர் வருது. குளவிக்கு மருந்து அடிச்சுத் தரட்டுமா சார்னு அந்த நல்ல மனுஷன் வேற கேட்டார். வேண்டாம், அதுங்களும் பிழைச்சுப் போகட்டும்னு சொல்லி அனுப்பினேன்.

அவ திட்டுவான்னு பயப்படறேன்னு நினைக்காதீங்க. திட்டினா வாங்கிக்குவேன், பழக்கம்தான். அவ திட்ட மாட்டா. சரி விடுங்க, இனிமே நான் பார்த்துக்கறேன்னு மெதுவா சொல்லுவா. அதோட எனக்கு இந்த வீட்ல இருக்கிற ஒரே வேலையும் போயிடும். அதுக்குத்தான் பயம். அதனால தயவுசெய்து திங்கட்கிழமைக்குள்ள எதை அழுத்தணும்னு ஒரே வார்த்தை எழுதி அனுப்புங்க.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும் சின்னவர்களுக்கு என் ஆசியையும் தெரிவிக்கவும். என்னை யாரும் ஆசீர்வதித்தால் மறுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
இன்றைய தேதி வரை
தங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: கதவை விட்டு நகர முடியாததால், தபாலில் சேர்க்கச் சொல்லி இதைத் தங்கள் தங்கையிடமே கொடுக்கிறேன். நன்றாக ஒட்டியிருக்கிறேன், கவலை வேண்டாம்.

பி.கு. இன்னொன்று: அண்ணா, இது நான். கல்யாணம் ஆனதிலேர்ந்து உனக்கு ஒரு வரி எழுதாத மனுஷன், கனமா ஒரு கவரைக் கொடுத்து, சும்மா நலம் விசாரிச்சிருக்கேன்னு சொன்னா, பிரிக்காம போஸ்ட் பண்ற அளவுக்கு நான் நல்லவ இல்ல. தினமும் கிளினிக் பூட்டறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் நானே ஒரு சின்ன டிஸ்க்ல காப்பி எடுத்துக் கைப்பையில போட்டுக்கறேன். அவர் கம்ப்யூட்டர் பொறுப்பை எடுத்துக்கிட்ட அன்னிக்கே ஆரம்பிச்ச பழக்கம். எந்த டிஸ்க் அழிஞ்சாலும் ஒண்ணும் குடி முழுகிடாது. அவர் குளிக்கப் போன நேரத்துல உள்ளே போய், நானே 'ஆமாம்'னு அழுத்தி முடிச்சுடலாம்னு விரலைக்கூட வச்சேன். அப்புறம் எடுத்துட்டேன். அவர் வேலை, அவரே செய்யட்டும். 'ஆமாம்' அழுத்துங்க மாப்பிள்ளைன்னு மட்டும் பதில் போடு. காப்பி இருக்கிறதைச் சொல்லிடாதே. பதில் சனிக்கிழமை வந்து சேர்ற மாதிரி பார்த்துக்கோ, அன்னிக்கு நான் முழு நாளும் வீட்லதான் இருப்பேன். அழுத்தறப்ப அவர் பக்கத்துல நான் நிக்கணும்.