உப்புப் போடாத பிஸ்கோத்து

பிள்ளைகளே, சத்தியம் செய்வது சுலபம். வாயைத் திறந்தால் போதும். செய்த பிறகு வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் கஷ்டம். இதை எனக்குப் பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லித் தரவில்லை (சொல்லித் தரும் வகுப்பு வருவதற்குள் நான் நின்றுவிட்டேன்). ஒரு பிஸ்கோத்துதான் சொல்லித் தந்தது.

உலக யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. சென்னைப் பக்கம் ஒரு பட்டாள முகாமில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நான், முகாம் கலைந்ததும் திருத்தணிக்குத் திரும்பினேன். கிளம்பும்போது அங்கிருந்த சமையல்காரர் ஒரு தகர டப்பாவைக் கையில் கொடுத்தார். உள்ளே சீஸ். பாலைத் திரியவைத்து, நீரை வடித்து, கட்டியாக அழுத்தி, மாதக்கணக்கில் வைத்திருந்து தின்பார்களாம். (நம் வீட்டில் அப்படி ஒன்றை வைத்திருந்தால் அம்மா அதையும் நம்மையும் சேர்த்து வெளியே போடுவாள்.) முகாமில் அதைத் துருவி, மைதாவும் வெண்ணெயும் மிளகும் சேர்த்துப் பிசைந்து, அதிகாரிகளுக்குப் பிஸ்கோத்து சுடுவார் அவர். அந்தத் தட்டுகள் நக்கிவிட்டதுபோலச் சுத்தமாகத்தான் என்னிடம் கழுவ வரும். ஒரு துணுக்குகூட நான் கண்டதில்லை.

ஊரில் எனக்கு ஒரு கவலை காத்திருந்தது. அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருந்த என் தாய்மாமன், தன் மகள் கன்னியம்மாவை எனக்குக் கொடுப்பதா, அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்த ஒருவனுக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். அவனிடம் தொப்பி இருந்தது, விசில் இருந்தது, பச்சைக்கொடி இருந்தது. என்னிடம் சீஸ் டப்பா இருந்தது.

மகளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று மாமா ஒரு வருஷ விரதம் எடுத்திருந்தார். கிருத்திகைதோறும் மலையேறி முருகனைக் கும்பிட்டு, அன்று முழுக்க உப்பில்லாமல் சாப்பிடுவது. அந்த ஆடிக் கிருத்திகையோடு அது முடிகிறது. மலை இறங்கியதும் நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, பலகாரம் சாப்பிட்டுவிட்டு, முடிவைச் சொல்வதாக ஏற்பாடு.

"உங்க மாமனுக்கு உப்பும் ஆவாது, வெல்லத்த பாத்தாலும் மூஞ்ச திருப்பிக்கிறாரு. உப்பில்லாத நாளெல்லாம் வெல்லப் பொங்கலே துன்னு சலிச்சுப்போச்சாம். இன்னாடா பண்றது?" என்றாள் அம்மா.

"பட்டாளத்து பிஸ்கோத்து பண்றேம்மா. தித்திப்பும் கிடையாது, உப்பும் கிடையாது."

"உப்பு இல்லாம எப்பிடிடா வாயில வெக்கிறது?"

"நான்தான் தெனம் பாத்துகினு இருந்தேனே! அந்தாளு ஒரு நாளும் உப்பு ஜாடிய தொட்டதில்ல."

அது உண்மை. அவர் தொட்டதே இல்லை. ஏன் தொடவில்லை என்று ஒரு நாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீச்சலைக் கரையில் உட்கார்ந்தே கற்றுக்கொண்ட ஆசாமி நான்.

கிருத்திகையன்று மாவு பிசைந்தேன். விரலில் ஒட்டிய மாவை வாய்க்குக் கொண்டுபோனதும் புறங்கையில் கரண்டி விழுந்தது.

"சாமிக்கு வெக்கிறதுக்கு முன்னாடி நக்குறியே, வெக்கமா இல்ல?" என்றாள் அம்மா.

நியாயம்தான். படைக்காமல் எதையும் ருசி பார்ப்பது எங்கள் வீட்டில் என்றைக்குமே வழக்கமில்லை. கிருத்திகையன்று கேட்கவே வேண்டாம். (அந்த ஒரு தடவை மட்டும் என்னை நக்க விட்டிருந்தால் என் வாழ்க்கையே வேறு மாதிரிப் போயிருக்கும்.)

பெரிய மண்சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் தட்டு வைத்து, தட்டில் வில்லைகளை அடுக்கி மூடினேன். அடியில் விறகு, மூடியின்மேல் தணல். கொஞ்ச நேரத்தில் சீஸ் உருகி மணம் கிளம்பியது. மணம் என்று நான் சொல்கிறேன். கூடத்தில் படுத்திருந்த நைனா (அப்பாவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்) எழுந்து உட்கார்ந்து, "எலி எங்கியோ செத்துகீதுடி, பரண்மேல பாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா எலியைத் தேடவில்லை. வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டாள். அதன்பின் செத்த எலிக்குச் சாம்பிராணி போட்டதுபோல இருந்தது.

மாமாவும் கன்னியம்மாவும் நெற்றி நிறைய விபூதியும் முதுகு நிறைய வியர்வையுமாக வந்து சேர்ந்தார்கள். அம்மா பிஸ்கோத்தைச் சாமிக்குப் படைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு, தட்டை மாமா முன்னால் வைத்தாள். பிஸ்கோத்துகள் நல்ல பொன்நிறம். அழகுக்குக் குறைவில்லை.

மாமா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உப்பு சேக்கலியே?"

"ஒரு கல் உப்புகூட போடல மாமா."

"இன்னியோட விரதம் முடியுதுடா. பாத்து சொல்லு."

நான் எழுந்து நின்றேன். மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கையை நீட்டினேன். "தணிகை முருகன்மேல சத்தியமா மாமா!"

மாமா முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

முதலில் தாடை நின்றது. பிறகு மீசை நிமிர்ந்தது. கண்கள் என்னைப் பார்த்தன, மலையைப் பார்த்தன, திரும்பவும் என்னைப் பார்த்தன. துப்பலாம் என்றால் வாயில் இருப்பது பிரசாதம். விழுங்கலாம் என்றால் விரதம். அந்த மனுஷன் பட்ட பாட்டை நான் சத்தியம் செய்யாமலே சொல்கிறேன், நீங்கள் நம்பலாம். கடைசியில் விழுங்கிவிட்டார்.

"டேய்! இத சமுத்திரத்துல முக்கி எடுத்தியா?"

ஆளுக்கொன்று எடுத்து வாயில் போட்டோம். அன்றுதான் என் வாழ்நாளில் முதல்முறையாக சீஸ் தின்றேன். ஊறுகாய் ஜாடியின் அடிமண்டியைக் கடித்ததுபோல இருந்தது. நைனா டப்பாவைத் தூக்கி, அதன் அடியில் மிச்சமிருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உப்ப உள்ளயே போட்டு அடைச்சிகீறான்டா வெள்ளக்காரன்! உப்புக்கே வரி போட்டவனாச்சே, சும்மா விடுவானா?"

மாமா சிரிக்கவில்லை. மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு சொன்ன வாக்கு போச்சு. இனிமே மொதல்லேருந்து ஒரு வருஷம். பொய்ச் சத்தியம் பண்றவனுக்கு என் பொண்ண குடுக்கறதுக்கு, அரக்கோணத்தானே மேல்."

"அண்ணா, தெரியாம செஞ்சிட்டான்" என்று அம்மா கெஞ்சினாள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது (பாதி பயம், பாதி சீஸ்). அரக்கோணத்து விசில் சத்தம் காதில் கேட்டது.

அப்போது கறுக், முறுக் என்று ஒரு சத்தம். திரும்பினோம். கன்னியம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். தட்டு கிட்டத்தட்டக் காலி.

"பாவா, இன்னும் கீதா?" என்று என்னைக் கேட்டாள். (அத்தை மகன் எங்கள் பக்கம் பாவா.)

மாமா மகளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். "ஏன்டி, உப்பு கரிக்கல?"

"கரிக்குது நைனா. உன்கூட சேந்து நானும் வருஷம் பூரா கிருத்திகைக்கு கிருத்திகை உப்பில்லாம துன்னுகினு கீறேனே. உனுக்குதான வேண்டுதல? எனுக்கு இன்னா?"

 மாமா துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"சரி. ஒரு வருஷம் போவட்டும், அப்பறம் முகூர்த்தம் பாக்கலாம். ஆனா இந்தத் தடவ விரதத்துல எங்கூட மலையேறப் போறது அவ இல்ல." என்னைக் காட்டினார். "இவன்."

அந்த வருஷம் கிருத்திகை தவறாமல் மாமா பின்னால் மலையேறி, இறங்கி, உப்பில்லாத வெல்லப் பொங்கலை அவர் கண்ணெதிரில் தின்று தீர்த்தேன். மறு வருஷம் கல்யாணம். பந்தியில் உட்காருவதற்குமுன் மாமா என்னைக் கூப்பிட்டு, "சாம்பார்ல உப்பு கீதா, ருசி பாத்துட்டு சொல்லு" என்றார். நான் கரண்டி கேட்டு வாங்கி, ருசி பார்த்த பிறகே பதில் சொன்னேன்.

அன்று பிடித்த வழக்கம் இது. எங்கள் வீட்டில் எந்தப் பிள்ளையாவது "சாமி சத்தியமா நான் எடுக்கல" என்று வாயைத் திறந்தால் போதும், மற்ற பிள்ளைகள் கூட்டமாகக் கத்துவார்கள்: "ருசி பாத்தியா?"

இங்கே எழுதியதெல்லாம் சத்தியமாக நடந்தது என்று கடைசி வரி எழுதினேன். மூத்த மகள் அதை உரக்கப் படித்துக் காட்டினாள். அடுப்படியிலிருந்து கன்னியம்மாவின் குரல் வந்தது:

"ருசி பாத்தீங்களா, பாவா?"