அத்தான் கடை ஹெல்மெட்டும் ஓடாத கடிகாரமும்

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவியின் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு என் மனைவியும் மகளும் நலம். நானும் நலம்தான், இடுப்பைத் தவிர. அதற்கான காரணம் கீழே வரும். அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். போனில் பேசலாம் என்றால், போன தடவை பாதியிலேயே அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதன் பிறகு எப்போது அடித்தாலும் அக்காதான் எடுக்கிறாள். அக்காவோடு பேசும்போது அணிய வேண்டிய பாதுகாப்புக் கவசம் எது என்று, பட்டறை வேலைக்காக எனக்குக் கொடுத்த தரநிலைப் புத்தகத்தில் தேடிப் பார்த்தேன். அப்படி ஒன்று இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே கடிதம்.

நீங்கள் சொல்லித்தான் எனக்கு இந்தத் தொட்டி செய்கிற பட்டறையில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை. மறந்தாலும் அக்கா மறக்க விடமாட்டாள். இப்போது பெரிய கம்பெனி ஒன்று எங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. அவர்கள் இடத்திலேயே உயரமான எண்ணெய்த் தொட்டி ஒன்றை நிறுத்தி, உச்சியில் வெல்டிங் செய்து தரவேண்டும். அதற்கு ஒரு நிபந்தனை: பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்க வேண்டும். மேலே ஏறுகிறவனின் தலை முதல் கால் வரை உள்ள சாமான்களை அவர் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஏணியில் கால் வைக்கலாம். முதலாளி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பட்டறையிலேயே நீதான்யா பெரிய பயந்தாங்கொள்ளி. வெல்டிங் பொறி பறந்தா கக்கூஸ்ல போய் ஒளியுற. எங்கே ஆபத்து இருக்குன்னு பயப்படுறவனுக்குத்தான் தெரியும். நீதான் அதிகாரி" என்றார். அத்தான், என் பயத்தை இத்தனை வருடத்தில் யாருமே இவ்வளவு மரியாதையாகப் பேசியதில்லை. மகிழ்ச்சியில் ஒத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது. மேலே ஏறப்போகிறவர் எங்கள் தலைமை வெல்டர், எல்லாரும் மீசைக்காரர் என்று கூப்பிடுகிறவர். திங்கட்கிழமை ஏறுகிறார். அவர் விழுந்தால் என் கையெழுத்து மேல்தான் விழுவார்.

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. கம்பெனிக்காரர்கள் கொடுத்த தரநிலைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் படிக்காததற்கும் சேர்த்துப் படித்தேன். எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். ஹெல்மெட் என்பது தொப்பி அல்ல. மேலிருந்து ஒரு கனமான இரும்பைப் போட்டாலும் அதன் அடியைத் தான் வாங்கிக்கொண்டு தலைக்குக் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். முத்திரை மட்டும் இருந்தால் போதாது, எந்தச் சோதனையில் தேறியது என்ற எண்ணும் கூடவே இருக்க வேண்டும். தீப்பொறிக்கான கையுறை வேறு, அமிலத்துக்கான கையுறை வேறு. மாற்றிப் போட்டுக்கொண்டால் பிறகு எந்தக் கையுறை என்று யோசிக்க வேண்டிய தேவையே இருக்காது. பளிச்சென்று நிறமுள்ள சட்டையெல்லாம் தூரத்தில் தெரியும் சட்டை ஆகிவிடாது. வெல்டருக்கான சட்டையில் தீப்பிடித்தால் அது தானாகவே அணைய வேண்டும். இதையெல்லாம் படித்தபோது, இத்தனை நாள் உலகத்தில் யாராவது உயிரோடு வீடு திரும்பியதே பெரிய விஷயம் என்று தோன்றியது.

பிறகு சாமான்களைப் பார்க்கப் போனேன். எங்கள் முதலாளி அறையில் ஜன்னலுக்கு எதிரே ஒரு கண்ணாடி அலமாரி இருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் மஞ்சள் ஹெல்மெட்டுகள், கையுறைகள், பூட்ஸ்கள், இடுப்பும் தோளும் சேர்த்துக் கட்டும் பெல்ட்டுகள் எல்லாம் நகைக்கடை மாதிரி அடுக்கியிருக்கும். வெயில் நேராக விழும்போது அப்படி ஒரு ஜொலிப்பு. வருகிற விருந்தாளிக்கெல்லாம் முதலில் அலமாரி தரிசனம், அப்புறம்தான் டீ. வேலைக்காரர் யாராவது ஒரு ஹெல்மெட் கேட்டால், "அழுக்காயிடும்யா, தலையைப் பாத்துக்கோ, போ" என்பார். சாவியை, பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் கொடுத்தார். "எல்லாம் உங்க அத்தான் கடைச் சரக்கு. புத்தம் புதுசு. ஒரு பய தலையில பட்டதில்ல" என்றார்.

அத்தான் கடைச் சரக்கு என்றதும் பாதிப் பயம் போய்விட்டது. மீதிப் பாதிக்காக ஒரு ஹெல்மெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். தலைக்குப் பதில் ஒரு தர்பூசணிக்கு மாட்டி, காய்கறிக் கடையில் இரவல் வாங்கிய எடைக்கல்லை மேசை உயரத்திலிருந்து போட்டேன். ஹெல்மெட் ஓடு மாதிரி பிளந்தது, பழமும் கூடவே பிளந்தது, சாறு புத்தகத்தின் மேல் கொட்டியது. என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏங்க, பழம் வெட்ட வீட்ல கத்தி இல்லையா?" என்றாள். சாட்சியை என் மகள் சாப்பிட்டுவிட்டாள்.

கையுறைகள் புதுமணத் தம்பதி மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. பிரித்தால் விரலிடுக்கில் வெடிப்பு. பூட்ஸை மீசைக்காரருக்குப் போட்டு, கேட் வரை நடக்கச் சொன்னேன். அவர் கேட்டுக்குப் போய்விட்டார். அடிப்பாகம் பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்து, "சார், ஷூ வேலையை விட்டு நின்னுடுச்சு" என்றார். விரல் பக்கம் உள்ள இரும்பு மூடிக்குள் ஒரு கேரட்டை வைத்து அதே எடைக்கல்லைப் போட்டேன். கேரட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது மட்டும் எப்படித் தப்பியது என்று இன்று வரை எனக்குப் புரியவில்லை. உங்கள் கடையில் தவறுதலாக ஒரு நல்ல சரக்கும் கலந்துவிட்டது போலும்.

கடைசியாக பெல்ட். இதில்தான் மீசைக்காரரின் உயிர் தொங்கப்போகிறது என்பதால் நானே மாட்டிக்கொண்டேன். பட்டறை உத்தரத்தில் கொக்கியைப் போட்டு, கீழே மெத்தை விரித்து, நாற்காலியிலிருந்து குதித்தேன். நாற்காலிக்கு மேல் ஏறினால் எனக்குத் தலை சுற்றும். தோள்பட்டைத் தையல் சரசரவென்று பிரிந்தது. நான் மெத்தையில் விழவில்லை. மெத்தைக்குப் பக்கத்தில் விழுந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அறுந்த வாரைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தார்.

"திங்கக்கிழமை நான் இதைக் கட்டிக்கிட்டுத்தான் ஏறணுமா சார்?"

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"வீட்ல அவ தினமும் கேப்பா, பெல்ட்டு இருக்கான்னு. இருக்குன்னுதான் சொல்லிட்டு வர்றேன். பொய் இல்ல பாருங்க. அலமாரியில இருக்கே" என்றார்.

அத்தான், அதற்குப் பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மச்சான், என் கடைச் சரக்கை நீ சோதிக்கிறியா? உங்க அக்காவைப் பொண்ணு பாக்க வந்தப்ப உங்க வீட்ல என்னைச் சோதிச்சது போதாதா?" என்றீர்கள். பின்னாலிருந்து அக்கா போனைப் பிடுங்கி, "ஏன்டா, எவனோ எழுதின புத்தகத்தை நம்புவ, கூடப்பிறந்தவ புருஷனை நம்பமாட்டியா? அவரு வாங்கிக் குடுத்த வேலையில உக்காந்துக்கிட்டு அவரையே ஃப்ராடுங்கிற! நல்லா இருடா!" என்றாள். நல்லா இரு என்று அவள் சொன்ன விதத்தில், நான் நன்றாக இருக்க வழியே இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வராது. எல்லா ஹெல்மெட்டிலும் உள்பக்கம், விளிம்புக்கு அடியில், ஒரு குட்டிக் கடிகாரம் அச்சடித்திருக்கிறீர்கள். சுற்றிலும் பன்னிரண்டு எண்கள், நடுவில் ஒரு முள். ஓடவில்லை. ஓடினாலும், தலையில் மாட்டியவன் அதில் எப்படி மணி பார்ப்பான்? ஏமாற்றுவதிலும் ஒரு நியாயம் வேண்டாமா அத்தான்?

சனிக்கிழமை முதலாளி பேனாவைத் திறந்து என் கையில் கொடுத்தார். வேலை போகும், அக்கா பேசமாட்டாள், எல்லாம் தெரியும். ஆனால் மீசைக்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். "பயமா இருக்கு முதலாளி, நான் போடமாட்டேன்" என்றேன். "பயப்படுறதுக்குத்தானேய்யா உன்னை வேலைக்குப் போட்டிருக்கேன்!" என்று கத்தினார். கத்திய பிறகு, தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது போலிருக்கிறது. பேனாவை மூடி வைத்துவிட்டார். நல்ல பெல்ட் வரும்வரை யாரும் ஏறுவதில்லை என்று முடிவாயிற்று.

ஆகவே உங்கள் சரக்கு முழுவதையும் இந்த மூட்டையில் கட்டி, உங்கள் ஊர்ப் பக்கம் போகும் லாரியில் திருப்பி அனுப்புகிறேன். இனி நமக்குள் உறவு மட்டும் இருக்கட்டும், வியாபாரம் வேண்டாம். உறவும் வேண்டாம் என்று அக்கா சொன்னால், அதையும் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அக்காவுக்கும் எங்கள் மூவரின் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு மாமாவின் முத்தங்கள். எல்லாரும் கை கால் தலை என்று பிறந்தபோது இருந்த கணக்குக் குறையாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மனம் உடைந்து, எலும்பு உடையாமல் தப்பிய,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: அத்தான், மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். புத்தகத்தின் கடைசிப் பக்கம் தர்பூசணிச் சாற்றில் ஒட்டிக்கொண்டிருந்தது. என் மனைவி இன்று காலை இஸ்திரிப் பெட்டியால் ஒத்தி எடுத்துப் பிரித்துக் கொடுத்தாள். அந்தக் கடிகாரம் மணி காட்டுவது அல்லவாம். ஹெல்மெட் எந்த மாதம், எந்த வருடம் செய்யப்பட்டது என்று காட்டுவதாம். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், முள்ளுக்கு இருபுறமும் பொடி எழுத்தில் வருட எண் இருந்தது. என் மகள் தொட்டிலில் கிடந்த வருடம் அது. அவள் இப்போது நான்காம் வகுப்பில் கணக்குக்கு அழுகிறாள். ஹெல்மெட்டுக்கும் பெல்ட்டுக்கும் ஆயுள் உண்டாம், வெயிலில் வைத்தால் அதுவும் குறையுமாம். பூட்ஸின் அடிப்பாகம் போடாமல் வைத்தாலும் தானாகவே உதிருமாம். இரும்புக்கு அந்த வியாதி இல்லை, அதனால்தான் கேரட் பிழைத்தது. "புதுசுன்னு சொன்னீங்களே?" என்று முதலாளியிடம் போய்க் கேட்டேன். "போடாததெல்லாம் புதுசுதானேய்யா?" என்றார்.

நீங்கள் விற்றது நல்ல சரக்குதான் அத்தான். நாங்கள்தான் அதை ஒரு தலையில்கூட வைக்காமல் கிழவனாக்கிவிட்டோம். கடிதத்தைத் திருத்தி எழுத நேரமில்லை, வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அக்காவிடம் பின்குறிப்பை மட்டும் கிழித்துக் காட்டவும். புதுச் சரக்கு, முக்கியமாக பெல்ட், உடனே அனுப்பி வையுங்கள். மீசைக்காரர் தன் வீட்டில், பெல்ட் இன்னும் வரவில்லை என்று முதல்முறையாக உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி வாசலைப் பார்த்தபடி இருக்கிறாராம். ஒரே ஒரு வேண்டுகோள். புதுசு வருகிறது என்று கேட்டதிலிருந்து முதலாளி அந்தக் கண்ணாடி அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அனுப்புவதற்கு முன் ஹெல்மெட்டுகளின் மேல் கொஞ்சம் சேறு பூசி அனுப்பவும். பெயிண்டும் தின்னரும் படக்கூடாது என்று புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது. சேற்றைப் பற்றி எங்கேயும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தையும் பார்த்துவிட்டேன்.